பத்து மதிப்பெண் கேள்வி

இந்தக் கதையை நான் பல ஆண்டுகளாக முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. ஆனாலும் நம்ப முடியவில்லை.

அவர் ஞானசிகாமணி. சட்டத்துறைச் செயலாளராக இருந்தவர். நாளைய ஆட்சித் தலைவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் சட்டத்தை எழுதியவர். அந்தச் சட்டப்படி தேர்வான முதல் அணியில் நானும் ஒருவன்.

மசோதா பேரவைக்குப் போக ஒரு நாள்தான் இருந்தது. காலையில் அதை எடுத்துக்கொண்டு தன் குரு தவமணி அம்மாவிடம் போயிருக்கிறார். குரு அவரைவிட எட்டு வயது இளையவர்.

"அம்மா, இதில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?"

அம்மா கடைசிப் பக்கத்தில் இருந்த மாதிரி வினாத்தாளைப் பார்த்தார்.

"ஏழாவது கேள்விக்கு நீங்களே பதில் எழுதுங்க, செயலாளரே."

ஒரே குழாயில் இரண்டு தெருக்காரர்கள் தண்ணீருக்குச் சண்டையிடுகிறார்கள். என்ன செய்வீர்கள்? இதுதான் கேள்வி.

இருபது நிமிடத்தில் எழுதிவிட்டார். குழு, கால அட்டவணை, இரண்டாவது குழாய்.

"பத்துக்குப் பத்து," என்றார் அம்மா. "வெளியே அதே சண்டைதான் நடக்குது. தீர்த்துட்டு வாங்க."

போனார். பேச வாயெடுத்தார்.

"குடமே இல்லாம வரிசையில நிக்கிறியே, யாருய்யா நீ?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒரு முறை வைத்துக்கொண்டால்..."

"முறையெல்லாம் இருக்கு. தண்ணிதான் இல்ல."

இன்னொருத்தி தன் குடத்தை அவர் கையில் திணித்தாள். "சும்மாதானே நிக்கிறே. பிடி. புள்ள அழுவுது, பாத்துட்டு வந்துடறேன்."

அவள் திரும்பும்வரை அவள் இடத்தை அவர் விடவில்லை. இரண்டு தெருவும் சேர்ந்து அவரைத் திட்டியது. அந்தக் குடம் நிரம்பியதும் தண்ணீர் நின்றுபோனது.

சட்டைக் கை நனைந்து திரும்பினார்.

"தீர்ந்துச்சா?"

"இல்லை அம்மா. ஒரு குடம் பிடித்தேன். அதுவும் என்னுடையதில்லை."

"யாருக்கு என்ன கோபம்னு தெரிஞ்சுதா?"

"கொஞ்சம்."

"இதுக்கு எத்தனை மதிப்பெண் போடுவீங்க?"

அலுவலகம் திரும்பியதும் பதினான்காம் பிரிவைச் சேர்த்தார். தேர்வானவர்கள் முதல் ஓராண்டு, பதவிப் பெயர் சொல்லாமல், இப்படிப்பட்ட வரிசைகளில் நிற்க வேண்டும்.

கதையை இங்கேதான் முடிப்பார்.

ஆனால் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லை. எங்களை யாரும் எந்த வரிசைக்கும் அனுப்பவில்லை. குழாய்க் கேள்வி எங்கள் தேர்விலும் வந்தது. எனக்குப் பத்துக்குப் பத்து. என் முதல் பணியிடத்தில் அதே சண்டை வந்தபோது குழு அமைத்தேன். குழு கூடுவதற்கு முந்தின நாள், குழாயடியில் ஒருவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அந்தத் தெருவுக்குள் நான் அதற்குமுன் போனதே இல்லை.

போன மாதம் ஆவண அறையில் பழைய வரைவு கிடைத்தது. பதினான்காம் பிரிவு இருந்தது. அதன்மேல் பச்சை மையில் ஒரு கோடு. அந்தத் துறையில் அன்று பச்சை மையில் எழுதியவர் செயலாளர் ஒருவர்தான். ஓரத்தில் "மதிப்பெண் இட இயலாது" என்று ஒரு குறிப்பு. அவர் குடம் பிடித்த அதே நாள், மாலை நான்கு மணி.

நகலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரக் குறிப்பைப் படித்தார்.

"சார்," என்றேன். "இந்தக் கோட்டைப் போடும்போது உங்க சட்டைக் கை காய்ஞ்சிருந்ததா?"