சினை மாட்டுக்கு விடுப்பு

நீங்களும் நானும் பிறக்காத ஒரு காலத்தில், மேலக்குடி நாட்டை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவன் கொட்டிலில் நானூறு பசுக்கள். அவற்றைக் கறக்கும் சத்தம் கேட்டு, மழை வந்துவிட்டதென்று பக்கத்து நாட்டார் கூரை வேய்ந்தார்கள். நம்பாவிட்டால் போங்கள், எனக்கு வாதாடத் தெம்பில்லை.

ராஜாவுக்கு மூன்று வேளையும் பால்பாயசம் வேண்டும். ஒருநாள் மூன்றாம் கிண்ணம் பாதிதான் வந்தது. அமைச்சர் நாற்காலிமேல் நெடுநாளாய்க் கண் வைத்திருந்த சபைக்காரர் தாண்டவராயர் உடனே ராஜாவின் காதில் ஓதினார்: கொட்டிலைப் பார்க்க அமைச்சர் அமர்த்திய இருளப்பக்கோன் நாற்பது மாடுகளின் பாலை அரண்மனைக்குத் தருவதே இல்லை, அது அவன் வீட்டுக்குப் போகிறது என்று.

கோனை இழுத்துவந்தார்கள்.

"நாற்பதும் ஏழு மாசம் தாண்டின சினைங்க, மகாராஜா. கடைசி ரெண்டு மாசம் மடி ஓயணும். அப்பத்தான் வயித்துக் கன்னு தேறும், ஈன்ற பின்னாடி பாலும் பெருகும். இல்லாட்டி அடுத்த சினையும் லேசில் பிடிக்காதுங்க."

தாண்டவராயர் சிரித்தார். "மாடு ஏரா இழுக்கிறது? சும்மா நின்றுகொண்டுதானே இருக்கிறது? அதற்கு எதற்கு ஓய்வு?"

ராஜாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. நாளை மறுநாள் முதல் நாற்பதையும் கறக்க வேண்டும், மறுத்தால் கோன் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அமைச்சர் அம்பலக்கூத்தர் முப்பது வருஷமாக ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர். கொட்டாவியை விழுங்கிக்கொண்டு எழுந்தார்.

"மகாராஜா, தாண்டவராயர் நாவில் தங்கள் புகழ் தினமும் சுரக்கிறது. நாளை விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நிறுத்தாமல் புகழட்டுமே. சும்மா நின்றுகொண்டு செய்கிற வேலைதானே?"

ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் காலை ராஜா சூரியனானான், இந்திரனானான். உச்சிப்பொழுதில் அவன் செருப்புக்கும் குதிரை வாலுக்கும் புகழ் கிடைத்தது. அப்புறம் தாண்டவராயர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"தாங்கள்... மிக நன்றாகத் தும்முகிறீர்கள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தங்களுக்கு இரண்டு காதுகள்" என்றார். அதோடு உட்கார்ந்துவிட்டார். "மன்னியுங்கள் மகாராஜா. இனிமேல் ஊறினால்தான் உண்டு."

அம்பலக்கூத்தர் மெல்லச் சொன்னார்: "ஒரு பகலிலேயே வற்றிவிட்டது. இத்தனைக்கும் இவர் வயிற்றில் கன்று இல்லை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். சினை மாடுகளைக் கடைசி இரண்டு மாதம் எவனும் தொடக் கூடாதென்று முரசறைந்தான். அந்த இரண்டு மாதமும் தாண்டவராயர் வாய் திறக்காமல் சாணி அள்ள வேண்டும் என்றான். கோனுக்கு ஒரு சோடிப் பசு கிடைத்தது. பின்னால் நாற்பதும் ஈன்றபோது பால் வைக்கப் பானை போதாமல் யானைத் தொட்டியில் ஊற்றினார்கள்.

"அமைச்சரே, உமக்கு என்ன வேண்டும்?" என்று அன்று மாலையே கேட்டான் ராஜா.

"இரண்டு மாதம் விடுப்பு, மகாராஜா."

"நீர் சினையா?"

"இல்லை, மகாராஜா."

"அப்படியானால் நாளைக் காலை சபைக்கு வந்துவிடும்."

அம்பலக்கூத்தர் கொட்டில் வழியாக வீட்டுக்கு நடந்தார். அசைபோட்டுப் படுத்திருந்த ஒரு நிறைசினைப் பசு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து, வைக்கோலில் இடம்விட்டதாம்.