கோரைமேல் படையெடுத்த ராஜா

பொழிலூரை ஆண்ட விசயகண்ட ராஜாவுக்கு எதிரிகள் யாரும் கிடையாது. அதனாலோ என்னவோ, அவர் புல்லோடு சண்டைக்குப் போனார்.

அவர் அவையில் யோசனை சொல்ல அம்பலத்தாடி என்றொருவர் இருந்தார். ஒல்லியான ஆள். வாய் மட்டும் நீளம். அந்தச் சண்டையை மண்டபத்துத் தூணில் சாய்ந்தபடி முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவர் அவர்தான்.

அரண்மனைக்கு முன்னால் ஒரு புல்தரை. முழுக்க அருகம்புல். பாய் விரித்த மாதிரிப் பச்சைப்பசேலென்று கிடக்கும். ராஜா தினமும் காலையில் வெறுங்காலோடு அதில் உலாத்துவார். அந்த நேரத்தில் கோட்டையே தீப்பிடித்தாலும் அவர் காதில் ஏறாது.

மகள் பூங்கோதையைப் பெண் பார்க்கப் பக்கத்து நாட்டு ராஜா வருவதாகச் செய்தி வந்தது. அதே வாரம் புல்தரை நடுவில் ஒரு கொத்துக் கோரை தலைகாட்டியது. ராஜா பதறிப்போய்ப் பிடுங்கி எறிந்தார். ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் அங்கே பத்துக் கொத்து!

"மகாராஜா, இது படையெடுப்பு!" என்றார் தளபதி உக்கிரபாணி. சண்டையே இல்லாத நாட்டில் தளபதியாக இருந்து இருந்து அவருக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. "உத்தரவு கொடுங்கள். ஒரே நாளில் ஒழித்துக் காட்டுகிறேன்."

முரசு முழங்கியது. குதிரைப்படை வலப்பக்கம் வளைத்தது. காலாட்படை இடப்பக்கம் பாய்ந்தது. வீரர்கள் வாளை உருவிக் கோரையின் தலைகளைச் சீவித் தள்ளினார்கள். யானை வேண்டாம் என்று ராணி எவ்வளவோ சொன்னார். யானையும் வந்தது. சாயங்காலம் தளபதி வெற்றிச் சங்கு ஊதியபோது அருகம்புல் மிதிபட்டுச் செத்துக் கிடந்தது.

கோரை சாகவில்லை. மண்ணுக்கடியில் இருந்த கிழங்கிலிருந்து கொழுகொழுவென்று கிளம்பி, அருகு செத்த இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"எப்படி ஐயா தோற்றீர்?" என்று ராஜா உறுமினார்.

தளபதிக்கு வியர்த்தது. "உள்ளே ஒரு துரோகி இருக்கிறாள், மகாராஜா! தோட்டக்காரி கொப்பாயி! அவள்தான் தண்ணீர் ஊற்றி எதிரியை வளர்க்கிறாள்."

கொப்பாயி திகைத்துப்போனாள். "புல்லுக்கு ஊத்துனா கோரைக்கும் பாயத்தானே செய்யும், சாமி? ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கூப்பிட்டா ஊத்த முடியும்?"

ராஜா கேட்கும் நிலையில் இல்லை. எழுந்து நின்று ஆணையிட்டார்: "அரண்மனை எல்லைக்குள் களை உடையவர் எவராயினும் நாளையே நாடு கடத்தப்படுவார்!"

கொப்பாயி அழுதுகொண்டே சட்டிபானையைக் கட்டப் போனாள். அம்பலத்தாடிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அழுது கெஞ்சினால் ராஜா இளகுகிற ஆள் இல்லை. ஆனால் சொன்ன சொல்லை மாற்றாதவர் என்ற பெருமை அவருக்கு நிறைய உண்டு. அந்தப் பெருமையில்தான் பிடி இருக்கிறது என்று அம்பலத்தாடிக்குப் பட்டது.

"மகாராஜா, ஆணையை நிறைவேற்றும் பொறுப்பை எனக்குக் கொடுங்கள்," என்றார். "இதில் ஆள் பார்த்து விலக்கு உண்டா?"

"கிடையாது! என் சொந்த ரத்தமே ஆனாலும் கிடையாது!"

மறுநாள் அவை கூடியதும் அம்பலத்தாடி வந்து வணங்கினார். "வாசலில் வண்டிகள் தயார். முதல் வண்டியில் இளவரசியார் ஏறலாம்."

"என்ன உளறுகிறீர்?"

"நான் என்ன செய்வேன், மகாராஜா? இளவரசியார் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டதே! அரண்மனை முழுக்க அதே பேச்சு."

"ஆமாம், நேற்றிலிருந்து அப்படியே ஜொலிக்கிறாள்," என்று பெருமையாகச் சொன்ன ராணி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"ராணியார் முகத்தில் லட்சுமி களை. இரண்டாவது வண்டி."

தளபதி விழுந்து விழுந்து சிரித்தார். அம்பலத்தாடி அவர் பக்கம் திரும்பினார். "தளபதியாருக்குக் கவலை வேண்டாம். எவ்வளவோ தேடிவிட்டேன். இந்த முகத்தில் களை என்று எதுவும் அகப்படவில்லை."

"யார் முகத்தில் களை இல்லை?" தளபதி மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தார். "வீரக் களை சொட்டுகிறது என்று ஊரே சொல்கிறது!"

"அப்படியா? ஒப்புக்கொண்டதற்கு நன்றி. மூன்றாவது வண்டி."

ராஜா சிம்மாசனத்தின் கைப்பிடியில் ஓங்கி அடித்தார். "நிறுத்தும்! எல்லாரும் போய்விட்டால் நான் ஒருத்தன் இங்கே தனியாக என்ன செய்வது?"

அம்பலத்தாடி விடவில்லை. "கடைசியாக ஒரு வண்டி நிற்கிறது, மகாராஜா. அதில் யாரை ஏற்றுவது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். தங்கள் முகத்தில் ராஜகளை இருக்கிறதா, இல்லையா?"

இல்லை என்றால் அவர் ராஜாவே இல்லை. இருக்கிறது என்றால் வண்டி ஏற வேண்டும். ராஜா கன்னத்தைத் தடவிப் பார்த்தார். மீசை துடித்தது. பிறகு தொந்தி குலுங்கியது. கடைசியில் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஆணை ரத்து! வண்டிகளை அவிழ்த்து விடுங்கள்!" தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார். கொப்பாயியைக் கூப்பிட்டார். "இந்தக் கோரையை என்னதான் செய்வது, அம்மா?"

"ஈரத்துல கிழங்கோட தோண்டி எடுக்கணும், சாமி. செத்த இடத்துல அருகை நட்டு, ஒட்ட வெட்டாம அடர்த்தியா வளரவிடணும். ஆளுதான் நிறைய வேணும்."

"படை முழுவதும் இனி உன் கீழே!"

அப்படித்தான் பொழிலூர்ப் படை களைக்கொத்தும் கையுமாகப் புல்தரையில் இறங்கியது. "கிழங்கோட எடுங்க, தளபதியாரே!" என்று கொப்பாயி விரட்டிக்கொண்டே இருந்தாள். வேலை முடியவில்லை, அதற்குள் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். பக்கத்து நாட்டு ராஜா பல்லக்கிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு பெரிய படையே, தளபதி உட்பட, தரையில் நெற்றி படக் குனிந்து கிடந்தது.

"என்ன மரியாதை! என்ன மரியாதை!" என்று பூரித்துப்போய், பெண்ணைப் பார்க்காமலே சம்மதம் சொல்லிவிட்டார்.