மேனேஜர் கையில் பட்டை இல்லை

விருந்தாளிகளுக்குக் கால் நோகக் கூடாதாம். கேளிக்கைப் பூங்கா விடுதியிலிருந்து கடைவீதிக்கு, நெடுஞ்சாலைக்கு மேலே நடைபாலம் கட்டினார்கள்.

"கையில விடுதிப் பட்டை கட்டாத எவனும் பாலத்துல ஏறக் கூடாது. வேலைக்காரங்க ரோட்டைத் தாண்டிப் போங்க" என்றார் மேனேஜர் தணிகாசலம். அப்படித் தாண்டிய துப்புரவுக்காரி சரளாவின் காலை, பாலத்துக்கு நேர் கீழே லாரி நசுக்கியது.

மறுவாரம் முதலாளி வந்தார். கடைவீதிப் பக்கம் அவருக்குப் பட்டை கட்டிவிட்டு, "இது இல்லாம ஈ காக்கா நுழையாது சார்" என்று பீற்றிக்கொண்டே படியேறினார் மேனேஜர். கீழ்ப்படியைக் கூட்டிக்கொண்டிருந்த செல்லக்கிளி துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினாள்.

"உங்க பட்டை எங்கய்யா?"

"ஏய், நான் மேனேஜர்டி!"

"முதலாளியே கட்டியிருக்காரே!"

முதலாளி மேனேஜரின் வெறுங்கையைப் பார்த்தார்.

"ரோட்டைத் தாண்டிப் போங்கய்யா" என்றாள் செல்லக்கிளி. "சரளா ரத்தக்கறை இன்னும் போகல. மிதிக்காம போங்க."