கோமதிநாயகத்துக்கு வேலை பார்த்த எறும்புகள்

கோமதிநாயகம் வாயைத் திறந்தால் செய்யது பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிடுவார். சிரிப்பில் கை குலுங்கினால் பால் கொட்டிப் போகும் என்ற பயம். எலுமிச்சை மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கிற அந்தக் கடையில் அன்றைக்கும் நிறுத்தினார். ஆனால் அன்றைய புளுகு பொழுதுபோக்குக்கு இல்லை. பெஞ்சின் மறுகோடியில் வடிவம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருடைய அறுபது எலுமிச்சை மரத்தையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அன்றைக்கே முடிவு சொல்வதாக இருந்தார். கோடையிலும் வற்றாத கிணறு உள்ள தோப்பு அது. கோமதிநாயகத்தின் கிணறோ பங்குனியிலேயே தரை தட்டிவிடும். அந்தத் தோப்பு தனக்கே வேண்டும் என்று மனுஷன் துடியாய்த் துடித்தார்.

"மதினி, மாவுப்பூச்சியை நினைச்சுத்தானே பயப்படுதிய? எறும்பைப் பிடிச்சாப் போதும். பூச்சி கொழுந்துல சாறை உறிஞ்சி இனிப்பாக் கழியும். அதை நக்கத்தான் எறும்பு மரத்துல ஏறுது. பூச்சியைத் திங்க வாற பொறிவண்டை விரட்டி, காவலும் இருக்கும்."

இதுவரைக்கும் உண்மை. பக்கத்தில் டீக்குக் காத்திருந்த நானே தலையாட்டினேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

"ஆனா எந்தோப்பு எறும்பு காவலோட நிக்கலை. ஒவ்வொரு பூச்சிக்கும் மூக்கணாங்கயிறு போட்டுட்டுது! காலையில கிழக்குக் கொப்புல மேய்ச்சல், சாயங்காலம் மேற்குக் கொப்புல. அடிமரத்துல பால் சொசைட்டி. அளந்து ஊத்துத சத்தம் ரோடு வரைக்கும் கேக்கும்."

"பால்ல தண்ணி கலந்துச்சா அண்ணாச்சி?" என்றார் பாய்.

"ஒம்ம கடைன்னு நினைச்சீராவே?"

வடிவம்மாள் சிரிக்கவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அது கோமதிநாயகத்தை இன்னும் உசுப்பிவிட்டது.

"நான் விடுவனா? அடிமரத்துல துணியைச் சுத்தி, அதுமேல கிரீஸைப் பூசினேன். ஒரு எறும்பும் ஏற முடியலை. மூணு நாள் மறியல் பண்ணுச்சு. நாலாம் நாள் தலைவர் எறும்பு வந்து, 'அண்ணாச்சி, சமாதானமாப் போயிருவோம்'னுச்சு. பத்திரம் எழுதிக் கைநாட்டு வாங்கிட்டேன்."

"எறும்புக்கு ஏதுங்க கட்டைவிரல்?" என்றேன் நான்.

"அதனாலதான்வே ஆறு காலையும் வச்சுது! பத்திரத்துல என்ன இருக்கு? இனி எறும்பு எனக்குத்தான் வேலை பாக்கணும். மறுநாளே மாவுப்பூச்சியைப் பூராவும் தூக்கி ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டுது. இப்ப காய் பறிக்கிறது, பெருசு சிறுசு பிரிக்கிறது எல்லாம் அதுகதான். இன்னைக்கு மார்க்கெட்டுக்கு மூட்டையைச் சுமந்துட்டு வந்ததும் அதுகதான்."

"அப்ப நீங்க?" என்றேன்.

"நான் மூட்டைமேல உக்காந்து வந்தேன்."

பாய் வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டார். கோமதிநாயகம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மதினியின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் புளுகு ஒரு துளியும் இல்லை, ஆசை மட்டும்தான் இருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

வடிவம்மாள் கிளாஸை வைத்தார். "காலையில உங்க தோப்பு வழியாத்தான் வந்தேன், கொழுந்தனாரே. கிரீஸ் நல்லாத்தான் பூசியிருக்கிய. காய்ப் பாரத்துக்குக் கொப்புக்கெல்லாம் முட்டுக்கம்பு கொடுத்திருக்கியளே, அதுல பூசினியளா?"

கோமதிநாயகத்தின் கை மறுபடியும் வேட்டிக்குப் போயிற்று.

"எறும்பு பூராவும் அந்தக் கம்பு வழியா வரிசையா மேல போய்க்கிட்டிருக்கு. கொழுந்தெல்லாம் வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சி."

"அது... வேலைக்கு ஏறுத எறும்பு, மதினி."

"அப்பச் சரி." வடிவம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாத வழி அதுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. தோப்பை அதுககிட்டயே விட்டுருதேன். வேணும்னா நீங்க அதுககிட்ட வேலை கேட்டுப் பாருங்க."