தில்லைநாயகி அழிக்கச் சொன்ன படங்கள்

ஒரு காமிரா நிற்காமல் அடித்துக்கொண்ட சத்தம் இத்தனை வருடம் கழித்தும் என் காதில் இருக்கிறது. மயிலாடுதுறையில், இருதயராஜின் ஸ்டூடியோவில், பாஸ்போர்ட் படத்துக்காக வெளிப் பெஞ்சில் காத்திருந்தேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், யாரோ ஒரு பெரிய புத்தகத்தின் பக்கங்களை அவசரமாகத் தள்ளுவதுபோல் கேட்டது.

உள்ளே இருந்தவள் எங்கள் தெரு தில்லைநாயகி. ஐம்பதைத் தாண்டியவள். புற்றுநோய் முற்றிவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மாலை போட்டு மாட்டுவதற்கான தன் படத்தைத் தானே எடுத்து வைத்துவிட்டுப் போக வந்திருந்தாள்.

"செத்தப்புறம்தான் படம் தேடுவாங்க தம்பி. கல்யாண ஆல்பத்துல இருந்து வெட்டி மாட்டிடுவாங்க. எங்க மாமியார் இன்னைக்கும் சுவத்துல யாரோட தோளையோ ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

இருதயராஜ் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். "கொஞ்சம் நிமிருங்கக்கா" என்றார். அவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்த இடத்திலேயே உடைந்துபோனாள்.

"வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதே அவருக்கு" என்று அவள் சொன்னது தடுப்பைத் தாண்டி எனக்குக் கேட்டது. "என்னை அனுப்பிட்டு அந்த மனுஷன் எப்படித் தம்பி இருப்பாரு?"

ஒரு கல்யாணத்துக்காக, விரலை அழுத்தினால் தொடர்ந்து படம் எடுக்கும்படி வைத்திருந்த காமிரா அது. பொத்தானிலிருந்து விரலை எடுக்க இருதயராஜ் மறந்துபோனார்.

பிறகு அவள் முகம் கழுவி வந்து உட்கார்ந்தாள். சிரித்தபடி ஒரு நல்ல படம் கிடைத்தது. காமிராவின் பின்பக்கம் மற்றவற்றையும் பார்த்தாள்.

"அந்த அழுமூஞ்சியெல்லாம் அழிச்சிரு. யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி அழிக்கணும். இந்த மூஞ்சியை அவர் பாக்கவே கூடாது."

"சரிக்கா." அவள் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாக அழித்தார்.

ஆனால் காமிராவில் அழிப்பது ஒப்புக்கு அழிப்பது. படம் இருந்த அடையாளம் மட்டுமே போகும். அதன் மேல் வேறொன்று பதியும்வரை படம் காமிராவின் மெமரி கார்டுக்குள்ளேயே கிடக்கும். இது இருதயராஜுக்குத் தெரியும். அன்று மாலையே கார்டை முழுதாகத் துடைத்துவிட நினைத்தார். மனம் வரவில்லை. காமிராவிலிருந்து கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவைத்தார்.

ஐப்பசியில் தில்லைநாயகி போய்விட்டாள். சிரித்த படம் சுவருக்கு வந்தது.

அவள் கணவர் மாசிலாமணி பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரியம் முடிந்தபின் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. படத்தின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். ஒருநாள் அதைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார்.

"பொட்டு கலைஞ்சிருக்கு பாரு. முன்முடி நனைஞ்சிருக்கு. இங்க அழுதாளா?"

இருதயராஜ் துணியை எடுத்துப் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார்.

"நோய்னு தெரிஞ்ச நாள்லேருந்து சிரிச்சுக்கிட்டே இருந்துட்டுப் போயிட்டாப்பா. எங்கிட்ட ஒரு சொட்டு கண்ணீர் விடல. நான் என்ன மூணாம் மனுஷனா? வேற படம் இருந்தா காட்டு."

"எல்லாம் அழிச்சாச்சுண்ணே" என்றார் இருதயராஜ்.

மாசிலாமணி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்து போனார். அதற்குப் பிறகு காலைக் காப்பியையும் விட்டுவிட்டார்.

கோவையில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த மகள் தமயந்தி ஓடிவந்தாள். அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள்.

"மாமா, காமிராவுல அழிச்சா அழியாதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கார்டு எங்க?"

"அப்பா பாக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்கம்மா."

"அப்பா பாக்க மாட்டார். குடுங்க."

கொடுத்தார். அவருடைய கம்ப்யூட்டரில் தனியாக ஒரு காலி டிஸ்கைச் செருகி, அதில் அவள் படங்களை மீட்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின், மீட்டவற்றை நீக்கி, கார்டிலும் அவற்றை வைத்திருந்த டிஸ்கிலும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வெறும் சுழியத்தைப் பதிந்தாள். மறுபடி தேடிப் பார்த்தாள். இரண்டிலும் ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் சொன்னாள்: "அம்மா அழுதாங்கப்பா. உங்களை நினைச்சுத்தான் அழுதாங்க. படத்தை நான் பாத்துட்டேன். நீங்க பாக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னதால அழிச்சிட்டேன்."

மறுநாள் காலை மாசிலாமணி ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். ஏதோ வேண்டுதல் பலித்தவர்போல, "அழுதிருக்காப்பா" என்றார்.

இருதயராஜ் பிறகு என்னிடம் இதையெல்லாம் சொன்னபோது ஒன்றைக் கேட்டார். அவை பேசாத படங்கள். அக்கா பேசியதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. யாரை நினைத்து அழுதாள் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒருவர் படத்தை விட்டுவைத்துவிட்டு, அழித்தாயிற்று என்றார். ஒருத்தி யாரும் எடுக்கக் கூடாத படத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகு தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொன்னாள். இவர்களில் தில்லைநாயகியின் சொல்லைக் காப்பாற்றியது யார்?

என் விடை இது. தமயந்தி தவறே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். யாரும் எடுக்கக் கூடாது என்றதில் மகளும் அடங்குவாள். என்றாலும் தில்லைநாயகி ஒளிக்கச் சொன்னது தன் முகத்தை. தான் அழுததை அவரிடம் சொல்லாதே என்று அவள் கேட்கவில்லை. இருதயராஜ் முகத்தை இழுப்பறையில் வைத்துக்கொண்டு அழுகையை மறைத்தார். மகள் முகத்தை இல்லாமல் செய்துவிட்டு, அழுகையை அதற்கு உரியவரிடம் சேர்த்தாள். யாரை நினைத்து என்பதை அவள் ஊகித்துத்தான் சொன்னாள். அந்த ஊகம் சரி என்பதற்கு, வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் சாட்சி. சொல்லைக் காத்தவள் அவளே.

மாசிலாமணி மகளோடு கோவைக்குப் போனார். இரண்டு வருடம் இருந்தார். ஒரு மார்கழிக் காலையில் அங்கேயே காலமானார்.