ஒம்பது மணியைத் தொலைக்கப் பார்த்த கொசுறு

கிர்ர்ர்... ... ... கிர்ர்ர்... ... ...

இருட்டினப்புறம் அப்படி ஒரு சத்தம். எங்கேன்னா, ஒரு பெட்டிக்குள்ள ஒரு ஊரு இருந்துச்சு. நம்ம மேசை மேல உர்ருன்னு உறுமுதே, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிதான். ம் சொல்லு.

அந்த ஊருக்குப் பெரியவ கெர்னலம்மா. யாருக்கு எப்போ முறைன்னு அவதான் சொல்லுவா. ஒம்பது மணியானா வாசக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடறதும் அவதான். ஒரு நொடி முன்னாடிகூடப் போட மாட்டா. வெளிய போனவங்க வீடு திரும்பணும் இல்ல?

ஆனா பாவம், அவகிட்ட கடிகாரம் கிடையாது! ஒரு படிகக் கல்லு மேல சில்லுன்னு பேரு வச்ச ஒரு சில்வண்டு உக்காந்திருக்கும். நொடிக்கு ஒரு கிர். அதுக்கு மணியெல்லாம் தெரியாது, எண்ண மட்டும்தான் தெரியும். அதுவும் தொண்ணூத்தொம்பது வரைக்கும்தான். அப்புறம் மறுபடி பூஜ்யம். கெர்னலம்மா அடிக்கடி எட்டிப் பார்ப்பா. போன தடவை எவ்வளவு, இப்போ எவ்வளவு, நடுவுல எத்தனை போச்சுன்னு பார்த்து சிலேட்டுல கூட்டிக்குவா. அதான் ஊருக்கே நேரம்.

அன்னிக்குக் கதவுக்கு வெளிய, இருட்டுல ஒரு களவாணி. உள்ள பெட்டகத்துல நீ பொறந்த அன்னிக்கு எடுத்த போட்டோ இருக்கே, பொக்கை வாயைப் பொளந்துக்கிட்டு அழறியே, அதையெல்லாம் அள்ளிட்டுப் போக வந்தவன். ஊருக்குள்ள கொசுறுன்னு ஒரு விளையாட்டுப் பய. எவ்வளவு கொடுத்தாலும் "இன்னும் கொஞ்சம்"பான். களவாணி அவன் காதுல ஊதினான்: "ஒம்பது மணியே வராம பார்த்துக்கோ. கதவு திறந்தே இருக்கும். விடிய விடிய விளையாடலாம்."

அப்போதான் அந்தச் சத்தம். கிர்ர்ர்... ... ... கிர்ர்ர்.

கெர்னலம்மா ஓடி வந்தா. "என்னடி சில்லு, இழுக்கறே? சளியா?"

"கு... கு... குளிருதுக்கா!"

அந்தப் பக்கம் ஓட்டைப் பானை ஒண்ணு சொட்டிக்கிட்டிருந்துச்சு. சொட்... சொட்... எப்பவும் ஒரு சொட்டுக்குப் பத்து கிர். இப்போ நாலுதான். குனிஞ்சு பார்த்தா, கல்லுக்கு அடியில கொசுறு சொருகி வச்ச ஐஸ் கட்டி! தூக்கி வீசினா. சளக்! சொட்டை வச்சு, விட்டுப்போன நொடியெல்லாம் கூட்டிக்கிட்டா. ம்?

அப்புறம் கொசுறு குதிச்சு வந்தான். "ஆத்தா, ஆத்தா! முன்ன தொண்ணூத்தஞ்சுன்னு எழுதினே. இப்போ சில்லு மூணுங்குது. நேரம் பின்னால போயிடுச்சு! அழி, அழி!"

"போடா திருட்டுப் பயலே. அது ஒரு சுத்து சுத்திட்டு வந்திருக்கு. பூஜ்யத்துக்கு அஞ்சு, அப்புறம் மூணு. ஆக மொத்தம் எட்டு நொடி." சரக்குன்னு எழுதிட்டா.

கொசுறுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. சரி, இதுதான் வழின்னு, ஊரையே தூங்க வைக்கிற பெரிய சுவிட்சை இழுத்துட்டான். டொப்! விளக்கு போச்சு. சில்லு நாப்பதுல நின்னுச்சு. சொட்டு நின்னுச்சு. கெர்னலம்மா கொர்ர்ர். தானும் அந்த ஊர்க்காரன்தாங்கறது அவனுக்கு ஞாபகமே இல்ல! பொத்துன்னு விழுந்தான். கொர்ர்ர்.

எல்லாருமா தூங்கினாங்க? மூலையில ஒரு நத்தை. ஓட்டுக்குள்ள தனியா ஒரு பொத்தான் பேட்டரி. ஊரே இருண்டாலும் அது மட்டும் ஒண்ணு... ரெண்டு...ன்னு எண்ணிக்கிட்டே இருக்கும். பயந்தவ இல்லையா கெர்னலம்மா, ஒம்பதுக்கு இன்னும் எத்தனை நொடின்னு சொல்லி, நான் தூங்கிட்டா எழுப்புன்னு முன்னாடியே அதுகிட்ட சொல்லி வச்சிருந்தா. நத்தை ஊர்ந்து வந்து அவ காலைச் சுரண்டுச்சு. "அக்கா, எந்திரி. ஒம்பதுக்கு இன்னும் முப்பது நொடிதான்."

எந்திரிச்சா. சிலேட்டைச் சரி பண்ணினா. ஊரும் முழிச்சுது. கொசுறு கண்ணைக் கசக்கிக்கிட்டே சில்லைப் பார்த்தான். "ஹை, அதே நாப்பது! நேரமே நகரல!"

கெர்னலம்மா கன்னத்துல கை வச்சா. "அட, ஆமாண்டா! அப்போ ஒம்பதுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு. வெளிய போய்க் காத்தாட நின்னுட்டு வாயேன், ராசா."

ஓடினான். "அண்ணே! ஒம்பது வரவே வராதுண்ணே! வா, வா!" களவாணி இருட்டை விட்டு ஒவ்வொரு அடியா வந்தான். தொப்... தொப்...

உள்ள கெர்னலம்மா தாழ்ப்பாள்ல கை வச்சுக்கிட்டு, சில்லோட கிர்ரை எண்ணறா. நீயும் எண்ணு. அறுபத்தேழு... அறுபத்தெட்டு...

வாசப்படி மேல கால்.

அறுபத்தொம்பது...

எழுபது. ஒம்பது மணி!

டக்!

வெளிய கொசுறு, "ஆத்தா, இன்னும் கொஞ்சம்!" உள்ள உன் பொக்கை வாய் போட்டோ பத்திரம். கதையும் உள்ள, நீயும் உள்ள, தாழ்ப்பாள் போட்டாச்சு. தூங்கு.