முப்பிடாதி வாங்கிய நாலு மார்க்

கணக்கில் புலிகளெல்லாம் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். கணக்கு வராதவர்கள் முன்னால் வாருங்கள். இந்தக் கதையில் உங்களுக்குத்தான் மவுசு.

நெல்லைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பேர் வேண்டாம், எதற்கு வம்பு. கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பி.எட். கல்லூரியிலிருந்து அங்கே மூன்று பேர் வந்து இறங்கினார்கள். கோதை, சொகரா பானு, அருள்சீலன். மூவருக்கும் கணக்குப் பாடம். நாற்பது நாள் வகுப்பெடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆளுக்கொரு மக்குப் பிள்ளையைத் தேடிப் பிடித்து, குறை என்ன, காரணம் என்ன, செய்த வைத்தியம் என்ன என்று ரெக்கார்டு எழுத வேண்டும். மக்கு என்று எழுதக் கூடாது, ‘மெல்லக் கற்பவர்’ என்று மரியாதையாக எழுத வேண்டும். அதில் பேராசிரியர் திரவியம் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வில் உட்கார முடியும்.

கோதைக்கு அந்தக் கையெழுத்து உயிர். பிரசவத்தில் ஏற்கெனவே ஒரு வருடம் போய்விட்டது. இன்னொரு வருடமும் போனால் மாமியார் வாயை அடைக்க முடியாது. ஜூனில் வேலை தருவதாகச் சொன்ன பள்ளியும் காத்திருக்காது.

ஆனால் மக்கு கிடைக்க வேண்டுமே! முந்தின மாதமே வேறு கல்லூரிக்காரர்கள் வந்து எட்டாம் வகுப்பையும் ஒன்பதாம் வகுப்பையும் சல்லடை போட்டுச் சலித்து, தேறாத பிள்ளைகளையெல்லாம் வளைத்துப் போட்டிருந்தார்கள். அலைந்து ஓய்ந்த கோதைக்கு ஏழாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் முப்பிடாதி கிடைத்தாள். இருபத்தைந்து கணக்கு கொடுத்ததில் நாலுதான் சரி. ஒரு பிள்ளை இருபத்தொரு கணக்கைத் தப்பாகப் போட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே கோதை ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தினமும் சாயங்காலம் மணி அடித்த பிறகு பக்கத்தில் உட்காரவைத்து, புளியங்கொட்டையைப் பரப்பி வகுத்தல் சொல்லிக்கொடுத்தாள். நடுநடுவே ஊர்க்கதையும் பேசினார்கள். கடைசிப் பரீட்சையில் முப்பிடாதி இருபத்தொரு மார்க். கோதை மார்க் ஏறிய கணக்கை வரைபடமாக வரைந்து, கலர் பென்சில் தீட்டி, ரெக்கார்டுக்கு அட்டையும் போட்டுவிட்டாள்.

பேராசிரியர் வருவதற்கு முந்தின நாள் மதியம், மூவரும் ரெக்கார்டுகளை மேசையில் எடுத்து வைத்தபோதுதான் குட்டு உடைந்தது. மூன்றிலும் ஒரே முப்பிடாதி! காலையில் பிரார்த்தனைக்கு முன்னால் அருள்சீலனிடம், மதியம் சொகராவிடம், சாயங்காலம் கோதையிடம். பெரிய டாக்டர்கூட இவ்வளவு கச்சிதமாக நேரம் ஒதுக்க மாட்டார். கல்லூரி விதியோ, ஒரு பிள்ளைக்கு ஒரு ரெக்கார்டுதான். நான்தான் முதலில் பிடித்தேன், என் வைத்தியத்தில்தான் தேறினாள் என்று மூவரும் மல்லுக்கு நின்றார்கள்.

சண்டைக்கு நடுவே கோதை விடைத்தாள்களைப் புரட்டினாள். மூவரும் வைத்தது வெவ்வேறு பரீட்சை. ஆனாலும் மூன்றிலும் முதலில் நாலு, முடிவில் இருபத்தொன்று. தப்பான விடைகளை உற்றுப் பார்த்தாள். 36 வர வேண்டிய இடத்தில் 37. 112க்கு 113. எல்லாவற்றிலும் சரியாக ஒன்று அதிகம். சரியான விடை தெரியாத பிள்ளையால் இப்படித் தப்புப் பண்ண முடியாது. கோதை தாள்களை மற்ற இருவர் பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

முப்பிடாதியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று மூவரிடமும் முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். போன வருடம் வந்த இரண்டு பேருக்கும் இப்படித்தான் செய்து கொடுத்தாளாம்.

“எல்லாருக்கும் இருபத்தொண்ணு வாங்கிக் குடுத்துட்டேன்லா மிஸ். போதாதா?”

“எதுக்கும்மா இந்த வேலை?” என்றாள் கோதை.

“வகுப்புல அம்பத்தாறு பேரு மிஸ். சரியாப் போட்டா டிக் அடிச்சிட்டுப் போயிருவாங்க. தப்பாப் போட்டாத்தான் பக்கத்துல உக்காந்து பேசுவாங்க.”

நமக்கொரு மக்கு கிடைத்தாள் என்று நாற்பது நாள் கொண்டாடியதை நினைத்துக் கோதைக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் மூவரும் மூன்று வழியில் போனார்கள். அருள்சீலன் ரெக்கார்டை அப்படியே கொடுத்தான். மார்க்கை நானா திருத்தினேன், செய்த சத்தியத்தையும் காப்பாற்றியாயிற்று என்பது அவன் கட்சி. சொகரா தன் ரெக்கார்டைக் கொடுக்கவில்லை. ஏன் என்று பேராசிரியர் கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை, சத்தியத்தையும் மீறவில்லை. வருடம் போனால் போகட்டும் என்று நின்றாள். கோதை காலையிலேயே முப்பிடாதியைப் பார்த்து, “சத்தியத்தை மீறப் போறேன்மா. கோவிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு, நேரே வகுப்பாசிரியை சற்குணத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வரைபடத்தைக் கிழித்தாள். இந்தப் பிள்ளையிடம் எந்தக் குறையும் இல்லை, தப்பு செய்கிற பிள்ளையின் பக்கத்தில் மட்டும் நாம் உட்காருவதுதான் குறை என்று இரண்டே பக்கம் எழுதிப் பேராசிரியர் முன் வைத்தாள். மெல்லக் கற்பவரே இல்லாத மெல்லக் கற்பவர் ஆய்வு! அவர் ஏற்பார் என்ற நம்பிக்கை அவளுக்கே இல்லை.

திரவியம் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். ஒரு பிள்ளை, ஒரு கையெழுத்து. இப்போது சொல்லுங்கள்: மூவரில் யார் செய்தது சரி? அந்தக் கையெழுத்து யாருக்கு?

விடை: கோதைக்கு. இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்ததாக அருள்சீலன் தெரிந்தே எழுதிக் கொடுத்தான். சொகரா நல்லவள்தான், ஆனால் தண்டித்தது தன்னை மட்டும். முப்பிடாதி இருந்த இடத்திலேயே இருப்பாள், அடுத்து வருகிறவர்களுக்கும் தப்பாகவே போடுவாள். கோதை ஒருத்திதான் பிள்ளையிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பயிற்சிக்காரர்கள் போன பிறகும் அவளைக் கவனிக்க ஓர் ஆளைத் தேடினாள். சத்தியத்தை மீறியது தப்பில்லையா என்றால், தப்புதான். அதற்காக முப்பிடாதி இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள் சற்குணம் டீச்சர் முப்பிடாதியைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். அவள் கணக்கைச் சரியாகப் போட்டாள். டீச்சர் அடுத்த கணக்குக்குத் தாவவில்லை. எப்படிம்மா போட்ட என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.